வாசல் தெரியும் இடத்தில் உட்கார்ந்தவர்

அவரை நான் முதன்முதலாகப் பார்த்தபோது உட்கார்ந்திருந்தார். கடைசியாகப் பார்த்தபோதும் உட்கார்ந்துதான் இருந்தார். நின்றுகொண்டு பேசுகிறவர்கள்மீது அவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. யார் எதைச் சொல்ல வந்தாலும், "குந்து சார், குந்திக்கினு சொல்லு" என்பார். வந்தவர் அதிகாரியா, தண்ணீர் லாரிக்காரரா என்ற வித்தியாசம் அவருக்குக் கிடையாது. நாற்காலியைக் காட்டமாட்டார். தனக்கு எதிரே இருக்கும் தரையை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு அந்த இடத்தைக் காட்டுவார்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். அங்கே அப்படிப்பட்டவரை ஸ்ராங்கு என்று கூப்பிடுவார்கள். ஏழெட்டுப் பேரைக் கடலுக்குக் கூட்டிப்போய், அதே ஏழெட்டுப் பேரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. ஆறடிக்குக் குறையாத உயரம். எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கரகரத்துப்போயிருந்தது. அப்படிப்பட்ட உடம்பு, பால்வாடியின் கோரைப்பாயில், பத்தொன்பது குழந்தைகளுக்கு நடுவே சம்மணம் போட்டிருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. அப்போது நான் பணியில் இருந்தேன்.

அந்த வட்டாரத்துப் பால்வாடிகளுக்கெல்லாம் மேலான அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். எங்கள் கோப்புகளில் அவற்றுக்குக் 'குழந்தைகள் மையம்' என்று பெயர். தெருவில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு நடைமுறை இருந்தது. எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது. ஆனாலும் சுற்றறிக்கைகளைவிட ஒழுங்காகப் பின்பற்றப்பட்டது. காலையில் அப்பாக்கள் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். எஞ்சினை அணைக்கமாட்டார்கள். பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தையை ஒரு கையால் தூக்கி, இடுப்பளவு இரும்புக் கேட்டுக்கு மேலாக நீட்டுவார்கள். ஆயா வாங்கிக்கொள்வார். வண்டி போய்விடும். கொரியரில் வரும் பார்சலுக்குக்கூட ஒரு கையெழுத்து கேட்பார்கள்; இதற்கு அதுவும் இல்லை. கேட்டைத் தாண்டினால் மீசை உதிர்ந்துவிடும் என்று யாரும் சொன்னதில்லை. தாண்டிப் பார்த்தவரும் இல்லை.

அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. என் மகன் படித்த பள்ளிக்கூடத்துக்கு எத்தனை படிகள் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அலுவலகக் கோப்பில் போடுவதைப்போல, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல்.

பதிவேட்டில் மட்டும் நிலைமை பிரமாதமாக இருந்தது. குழந்தைகளின் கற்றலில் தந்தையரை ஊக்குவித்துப் பங்கேற்கச் செய்ய வேண்டும், அதற்காக மாதந்தோறும் தந்தையர் கூட்டம் நடத்த வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. கூட்டமும் மாதந்தோறும் நடந்தது, காகிதத்தில். பத்தொன்பது தந்தையரும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் கையெழுத்திட்டிருப்பார்கள். அதைச் சரிபார்த்து மேலொப்பமிட்டு வந்தவன் நான்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் அந்த மனிதர் கேட்டின் கொக்கியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

காரணம் மகி. அவருடைய மகள், மூன்றரை வயது. வீட்டுக்குள் வாயாடி, வெளியே யாரிடமும் ஒரு சொல் பேசமாட்டாள். பால்வாடியில் விட்டால் வாந்தி எடுக்கும்வரை அழுவாள். அவள் அம்மா விடிவதற்கு முன்னால் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து, மதியம்வரை சந்தையில் விற்பவர். மூன்று முறை மகளை விட்டுப் பார்த்தார். மூன்று முறையும் ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கத்தியும் பிடிக்க முடியாது, வாடிக்கையாளரையும் பிடிக்க முடியாது. அப்போது தடைக்காலம் வந்தது. அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மற்ற ஆண்கள் வலை பழுது பார்த்தார்கள், சீட்டாடினார்கள், தூங்கினார்கள். இவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஆசிரியை சின்ன வயதுப் பெண், பெரம்பூரிலிருந்து வந்துபோகிறவர். பயந்துகொண்டே, "அப்பாங்க உள்ள உட்காரக் கூடாதுங்க" என்றிருக்கிறார்.

"எந்த ரூல்ல கீது டீச்சரு? அத்த கொஞ்சம் காட்டேன். படிச்சிட்டு எயுந்துக்கிறேன்."

ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பேசினார். இரண்டு அலமாரிகளைத் திறந்து தேடினேன். "உட்காரக் கூடாது என்று விதி இல்லையம்மா" என்றேன்.

"அப்ப உட்காரலாமா சார்?"

"உட்காரலாம் என்றும் விதி இல்லை."

இந்த மாதிரிப் பதில்களால்தான் எனக்கு இரண்டு பதவி உயர்வுகள் கிடைத்தன.

நேரில் பார்த்துவிடலாம் என்று மறுவாரம் போனேன். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் போகிறவர் யார் திரும்பினாலும் அவரைப் பார்க்கலாம். கதவைச் சாத்த முடியாதபடி நைலான் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தது. கட்டியவர் அவர்தான். தன் மகளைத் தவிர வேறு குழந்தையைத் தானாகத் தூக்குவதில்லை. கழுவிவிடுவது, உடை மாற்றுவது எல்லாம் ஆயாதான். ஆசிரியை வெளியே போனால் அவரும் வெளியே வந்துவிடுவார். இதெல்லாம் அவரே போட்டுக்கொண்ட விதிகள். குழந்தைகள் இருக்கும் இடத்தில் ஒரு ஆண் வந்து உட்கார்ந்தால் தாய்மார்களுக்கு வரும் பயம் நியாயமானது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே அவர் கணக்கில் எடுத்திருந்தார்.

"பொட்டப்புள்ளயப் பெத்து வச்சிக்கினு கீறேன் சார். எனுக்குத் தெரியாதா? குந்து."

நான் குந்தவில்லை. ஆய்வுக்கு வந்தவர் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனாலும் நின்றேன்.

அன்றைக்கு அவர் கவனம் என்மேல் இல்லை, சுவரிலிருந்த படத்தின்மேல் இருந்தது. ஆரஞ்சு நிறத்தில், இமை மயிரோடு, சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு மீன்.

"டீச்சரு, இது இன்னா மீனு?"

"மீன்தாங்க."

"அதான், இன்னா மீனு? சங்கராவா? சங்கராவுக்கு இப்டி வாலு கெடயாதே. இத்தினி வருஷமா கடலுக்குப் போறேன், இத்த நான் பாத்ததே இல்லயே. எனுக்கே தெர்ல, கொயந்தைக்கு எப்டித் தெரியும்?"

ஆசிரியையின் முகத்தில் எதுவோ உடைந்தது. என் முகத்திலும் உடைந்திருக்க வேண்டும். போன மாத மதிப்பீட்டுப் படிவத்தில், 'படத்திலுள்ள மீனை அடையாளம் காண்கிறது' என்ற கட்டத்தில், பத்தொன்பது குழந்தைகளுக்கும் 'இல்லை' என்று எழுதியிருந்தது. காசிமேட்டுக் குழந்தைகளுக்கு மீன் தெரியாது என்ற அந்த அறிக்கை என் மேசையைத் தாண்டித்தான் மேலே போனது. அங்கிருந்தும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. அந்தத் தெருவில் மீனை மீன் என்று யாரும் சொல்வதில்லை. சங்கரா, நெத்திலி, வஞ்சிரம், கானாங்கெளுத்தி என்றுதான் சொல்வார்கள். பெற்ற தாயைக் காட்டி 'இது யார்?' என்று கேட்டுவிட்டு, 'பெண்' என்ற பதிலுக்குக் காத்திருந்ததைப்போல நாங்கள் காத்திருந்திருக்கிறோம்.

மறுநாளும் போனேன். ஏன் போனேன் என்று பயண நாட்குறிப்பில் எழுத எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. தடைக்காலத்திலும் சின்னப் படகுகள் கரையோரம் போய்வரும். அப்படிப் போய்வரும் ஒரு நண்பரிடம் வாங்கி, ஸ்ராங்கு அலுமினியத் தட்டில் ஐந்து வகை மீன்களைக் கொண்டுவந்து பாய் நடுவே வைத்திருந்தார். பெயர்கள் தட்டைச் சுற்றிப் பட்டாசாக வெடித்தன. மூன்று வயதுப் பயல் ஒருவன் மட்டும் பேசாமல் ஒரு சங்கராவின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்து மீனு" என்றான்.

ஸ்ராங்கு குனிந்து பார்த்தார். "அடப்பாவி, கரெக்ட்டா சொல்றான். தோஸ்துன்னு நம்பி வாங்குனா, எனுக்கே நேத்து மீன வுட்டுக்கீறான் சார்!"

மகி மட்டும் அவர் காதைப் பிடித்து இழுத்து எதையோ கிசுகிசுத்தாள். அவர் அதைச் சபைக்கு அறிவித்தார்: "மகி சொல்றா, நெத்திலி நல்லா கீதாம்."

முதல் வாரம் அவள் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். தினமும் காலையில் வந்ததும், தரையில் கையை விரித்து அளந்து, நேற்று உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் வாசலை நோக்கித் தள்ளி உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு ஒரு சாண்தான். மகியின் இடம் மாறாது. அவர் இடம்தான் மாறும். தடைக்காலம் முடிவதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மே மாதத்தில் மையத்துக்குச் சில நாள் விடுமுறை விட்டபோது ஆசிரியையிடம் சண்டைக்கே போய்விட்டாராம். "கடலுக்குத்தான் லீவு வுட்டுக்கீறாங்க, உனுக்கு எதுக்கு டீச்சரு?"

விடுமுறை முடிந்து திறந்த சில நாளில் மொட்டை மனு வந்தது. 'அந்நிய ஆண் ஒருவர் பகல் முழுவதும் மையத்தில் அமர்ந்திருப்பதால் தெருவின் மானம் போகிறது. இப்படிக்கு, பொதுமக்கள்.' பெயரில்லாத மனுவைக் கோப்பில் கட்டி வைத்துவிடலாம் என்று விதி சொல்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதைத்தான் முதலில் எடுப்போம். கையெழுத்துப் போட்ட மனு என்றால் பதில் எழுதியாக வேண்டும்.

அலுவலர் அம்மா புதிதாக வந்தவர், இளவயது, நேர்மையானவர், அதனால் அவசரக்காரர். ஸ்ராங்கை உடனே வெளியேற்றச் சொல்லி ஆணை வரைவு தயாராகிவிட்டது. நான் மையத்துக்குப் போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அறையின் நடுவில் இருந்தார். வாசலுக்கு இன்னும் பதினான்கு சாண் இருந்தது.

"கயித்தக் கொஞ்சங் கொஞ்சமா வுட்டுக்கினு கீறேன் சார். நடுவுல அறுத்தா அவ்ளோதான், அப்பால இந்தப் பக்கமே வராது புள்ள. அவ அம்மா யாவாரமும் போச்சு. எனுக்கு இன்னும் பதினாலு நாளு குடு. நானே எயுந்து பூட்றேன்."

பதினான்கு நாள் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. "விசாரணை இல்லாமல் போட்ட ஆணை மேல்முறையீட்டில் நிற்காது மேடம்" என்று அலுவலரிடம் சொல்லும் அதிகாரம் இருந்தது. அவரும் ஒப்புக்கொண்டு மறுநாள் காலையே கிளம்பினார். கிளம்பும்போது தந்தையர் கூட்டப் பதிவேட்டை என் பைக்குள் வைத்தேன். அலமாரியிலேயே விட்டிருந்தால் எனக்குப் பாதுகாப்பு. ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி.

நாங்கள் உள்ளே நுழைந்ததுமே கேட்டுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி, எஞ்சின் ஓட ஓட நின்றிருந்தார். பையனைக் கேட்டுக்கு மேலாக அப்போதுதான் நீட்டிக் கொடுத்திருந்தார்.

"நல்லா கேளுங்க மேடம்! ஆம்பளைக்கு இங்க இன்னா வேல? எங்க வூட்ல தெனம் பேஜாரு. 'ஸ்ராங்கப் பாரு, புள்ளயாண்ட குந்திக்கினு கீறாரு. நீ ஒரு நாளாச்சும் வண்டிய வுட்டு எறங்கிக்கீறியா'ன்னு சோறு போடும்போதெல்லாம் கேக்குறா. நிம்மதியா துன்ன முடியல!"

பொதுமக்கள் யார் என்பது தெரிந்துவிட்டது.

அலுவலர் என்னைப் பார்த்தார். "ஆண்கள் உள்ளே வருவதற்கு ஏதாவது ஆணை இருக்கா?"

நான் சுற்றறிக்கையை எடுத்து, தந்தையரை ஊக்குவித்துப் பங்கேற்கச் செய்ய வேண்டும் என்ற பத்தியை வாசித்தேன். பதிவேட்டையும் நீட்டினேன். அவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, கேட்டருகே போய், ஒரு வரியில் விரலை வைத்து டிரெய்லர்காரரிடம் காட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

அவர் எட்டிப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். அந்தக் கேட்டின் முன்னால் ஒரு வண்டியின் எஞ்சின் அணைந்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

"இந்தக் கேட்ட நான் தாண்டுனதே இல்லயே மேடம். என் பேர யாரு எய்துனது?"

ஆசிரியைக்கு உதடு வெளுத்துவிட்டது. நான் சொன்னேன்: "எல்லாம் போலிக் கையெழுத்து மேடம். இந்தப் பெண் வருவதற்கு முன்பிருந்தே இப்படித்தான் நடக்கிறது. தெரிந்தேதான் நான் மேலொப்பமிட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு கையெழுத்து நிஜம்."

கடைசிப் பக்கத்தில், மூன்று வரிகளை அடைத்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்துகளில் ஸ்ராங்கின் கையெழுத்து இருந்தது.

அலுவலர் பதிவேட்டை மூடி என் கையில் கொடுத்தார். மகியின் பக்கம் திரும்பினார். இடுப்பில் கைவைத்து நின்றபடி, "பாப்பா, அப்பா கிளம்பிட்டா நீ சமத்தா இருப்பியா?" என்று கேட்டார். மகி அண்ணாந்து பார்த்தாள். பதில் வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆசிரியை குறுக்கிட்டு, "அவ பேசமாட்டா மேடம்" என்றார்.

"கீய குந்து" என்றாள் மகி.

கரகரப்பு மட்டும்தான் இல்லை. மற்றபடி அப்படியே அவள் அப்பாவின் குரல். அவள் தன் முன்னால் இருந்த தரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டு இடத்தைக் காட்டினாள். ஆயா சோற்றுக் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்து நின்றுவிட்டார். அலுவலர் ஒரு கணம் தயங்கினார். பிறகு கஞ்சி போட்ட பருத்திப் புடவை நொறுங்க நொறுங்க, பாயில் உட்கார்ந்தார். மகியின் கண்ணுக்கு நேராக அவர் கண் வந்தது.

"இப்ப சொல்லு. அப்பா போயிட்டா?"

"இப்போ போவக் கூடாது." மகி வாசலைக் காட்டினாள். "நைனா அங்க வரிக்கும் போணும். தெனம் ஒரு சாணு. அப்பால கடலுக்கு."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவளை ஏமாற்றி மெல்ல நழுவுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அளக்கத் தொடங்கியிருக்கிறார்.

"இன்னும் எத்தனை சாண்?" என்றார் அலுவலர்.

மகி எழுந்து, அப்பாவின் பெரிய கையைப் பிடித்துத் தரையில் விரித்து வைத்து, வாசல்வரை அளக்க வைத்தாள். எண்ணியது குழந்தைகள் எல்லோரும். பத்துக்கு மேல் பலருக்கு எண் வராது. அதற்கு மேல் ஸ்ராங்கு கத்தினார், எஞ்சின் சத்தத்தை மீறும் குரலில். பதின்மூன்றில் வாசல் வந்தது.

"பதிமூணு நாள் இருக்கட்டும்" என்றார் அலுவலர், தரையில் உட்கார்ந்தபடியே. "கதவு இப்படியே திறந்திருக்கணும். ஆசிரியை உடன் இருக்கணும். அது போதும்."

ஸ்ராங்கு அப்போதுதான் கேட்டைப் பார்த்தார். "மாமு, வண்டியத்தான் நிறுத்திட்டியே. எறங்கு. உள்ள வந்து குந்து."

டிரெய்லர்காரர் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் பையன், "நைனா, வா! இங்க எடம் கீது!" என்று கூவினான். அவர் செருப்பைக் கழற்றினார். அவ்வளவு பெரிய டிரெய்லரைப் பின்பக்கமாகவே சந்துக்குள் ஏற்றக்கூடியவருக்கு, கேட்டின் கொக்கி எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியவில்லை. பையன்தான் வந்து திறந்துவிட்டான்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. முறைப்படி தவற்றை ஒப்புக்கொண்டேன். பணிப்பதிவேட்டில் 'கண்டனம்' என்று ஒரு வரி ஏறியது. முப்பத்து நான்கு ஆண்டுப் பதிவேட்டில் நான் எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்படும் ஒரே வரி அது. ஆசிரியையின் பெயர் அதில் எங்கும் வரவில்லை. அந்த அளவுக்கு எனக்கு வரைவு எழுதத் தெரியும்.

தடைக்காலம் முடிந்தது. படகு கிளம்பும் நாள் காலை, ஸ்ராங்கு துறைமுகத்தில் இருந்தார். மகியை விட அவர் வரவில்லை. தான் வந்து நின்றால் தன் கால்தான் நகராது என்று முந்தைய நாளே என்னிடம் சொல்லி, ஒரு வேலையும் கொடுத்திருந்தார். அதன்படி நான் கேட்டருகே நின்றேன். மகியின் அம்மா மீன் கூடையோடு வந்து அவளை இறக்கிவிட்டார். அவள் கொக்கியைத் தானே கழற்றினாள். வாசல் தாண்டினாள். எதிர்ச் சுவர் ஓரம், பழைய இடத்தில், இரவு ஷிப்ட் முடித்துவந்த டிரெய்லர்காரர் தூக்கக் கண்களோடு குந்தியிருந்தார். அவருக்கு அடுத்த நாள் யார், அதற்கு அடுத்த நாள் யார் என்று புதுப் பதிவேட்டில் எழுதியிருந்தது, பல நிறப் பேனாக்களில், பல கோணல்களில். மகி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்து ஏதோ சொல்லத் தொடங்கிவிட்டாள்.

நான் துறைமுகத்துக்கு நடந்தேன். என் பணிக்காலத்தில் நானே நடந்து கொண்டுபோய்க் கொடுத்த ஒரே அறிக்கை அது. படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் கரையில் வலைக் குவியலின்மேல் உட்கார்ந்திருந்தார். ஆட்களை விரட்டிக்கொண்டிருந்த குரல் என்னைப் பார்த்ததும் நின்றது.

"உள்ள பூட்டாளா சார்?"

"போய்விட்டாள்."

"அய்தாளா?"

"இல்லை."

"திரும்பிப் பாத்தாளா?"

"பார்க்கவில்லை."

"ஒரு தபா கூடவா?"

"ஒரு தடவைகூட இல்லை."

அவர் சிரித்தார். துறைமுகமே திரும்பிப் பார்க்கும் சிரிப்பு. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் வலையின்மேல் உள்ளங்கையால் ஒருமுறை துடைத்து இடம் காட்டினார்.

இஸ்திரி போட்ட பேண்ட். டீசலும் மீனும் ஊறிய வலை. நான் உட்கார்ந்தேன்.

"இப்போ சொல்லு சார்" என்றார். "மொதல்லருந்து சொல்லு. கேட்ட யாரு தொறந்தது?"